பகிர்வுக் கோப்புறை திறக்காதபோது

லினக்ஸ் கணினியிலிருந்து விண்டோஸின் பகிர்வுக் கோப்புறையைத் திறப்பதில் நான்கு கட்டங்கள் உண்டு: எதிர்க்கணினியைக் கண்டுபிடிப்பது, இரண்டுக்கும் பொதுவான நெறிமுறையில் பேசுவது, பயனர் யாரென்று நிறுவுவது, கோப்பைப் பெயர் பிறழாமல் எடுப்பது. எந்தக் கட்டத்தில் தடை வந்தாலும் பயனருக்குத் தெரிவது 'திறக்கவில்லை' என்பது மட்டுமே. கட்டங்களை வரிசை மாறாமல் சோதிப்பதுதான் பழுது பார்ப்பவரின் முதல் ஒழுக்கம்.

பினாங்கு லிட்டில் இந்தியாவின் லெபோ பசாரில் உள்ளதுபோன்ற ஒரு கடைவீட்டை எடுத்துக்கொள்ளலாம். முகப்பு குறுகல், உள்ளே நீளம், கனத்த செங்கல் சுவர்கள். கீழே கல்லாவில் விண்டோஸ். மாடியில் கணக்கெழுத லினக்ஸ். வைஃபை மேலே எட்டாததால் அங்கே இன்னொரு ரவுட்டர் வைக்கிறார்கள். அது தனி வலைப்பின்னலாகப் பிரிந்துவிட்டால் மாடியில் இணையம் வரும். கல்லாக் கணினி மட்டும் பட்டியலில் வராது. 'நான் இருக்கிறேன்' என்று கணினிகள் விடும் அறிவிப்பு ரவுட்டரைத் தாண்டுவதில்லை. ஐபி முகவரியை நேராகத் தட்டினால் கோப்புறை பெரும்பாலும் திறந்துவிடும். இரண்டாவது ரவுட்டரை வெறும் அணுகுமுனையாக மாற்றினால் பட்டியலும் சரியாகும்.

அடுத்தது நெறிமுறை. விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியை ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், கம்பியில் போய்வரும் தரவைக் கவனித்தே புரிந்துகொண்டு மென்பொருளாக்கினார். 1992-இல் வெளிவந்த அதுவே பின்னாளில் 'சம்பா' ஆனது. 2017 மே மாதம் வான்னாக்ரை தீநிரல் எஸ்எம்பியின் முதல் பதிப்பு வழியே உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் 10-இன் புதிய நிறுவல்கள் அப்பதிப்பைக் கைவிடத் தொடங்கின. 2019-இல் சம்பா 4.11-உம் இயல்பாகவே அதை மூடியது. பழைய பதிப்பை மட்டும் அறிந்த பில் போடும் கணினி இருந்தால், பிங்குக்குப் பதில் வரும்போதே '112: கணினி இயங்கவில்லை' என்ற பிழை எழலாம். பழைய பதிப்பை மீண்டும் திறந்துவிடுவது கடைக் கணக்கையே ஆபத்தில் வைப்பதாகும். கணினியை மாற்றுவதே சரி.

மூன்றாவது அடையாளம். கல்லாக் கணினிக்குக் கடவுச்சொல் வைக்காத வழக்கம் இங்கே இடிக்கிறது: வெற்றுக் கடவுச்சொல்லோடு வலைப்பின்னல் வழியே நுழைய விண்டோஸ் இயல்பாக விடாது. திரையைத் திறக்கும் பின் எண்ணும் செல்லாது. பகிர்வுக்கென்றே கடவுச்சொல்லுடன் தனிப் பயனர் கணக்கு வேண்டும். படிக்க முடிந்து எழுத முடியாவிட்டால், கோப்புறை லினக்ஸின் நிர்வாகிக் கணக்கான ரூட் பெயரில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பெயர். தமிழில் பெயரிடுவோர் அறிந்திருக்க வேண்டிய இடம் இது. 'கொலுசு' என்ற சொல்லில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு இரு வேறு கோப்புகள். நீளமும் சிக்கல்தான். விண்டோஸ் வட்டு 255 குறியீடுகளை ஏற்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை ஏற்பதோ 255 பைட். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்பதால் 85-உடன் இடம் தீர்ந்துவிடும். கல்லாவில் இருக்கும் நீளப்பெயர்க் கோப்பு மாடிக்கு நகலாக மறுப்பது இதனால்தான். பெயரைச் சுருக்கி, ஒரே விசைப்பலகையில் தட்டினால் இரண்டு சிக்கலும் தீரும். தமிழை விட்டுவிட வேண்டியதில்லை.