சைக்கிள் குழாய்க்குள் இருந்தவை



பெரம்பலூர்–அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரிகளுக்கு ஒதுங்கிச் சைக்கிள் மிதித்துப் பழகியவர்கள் நீங்கள். மூன்று வாரம், மலைகளையும் கடந்து, 3,000 கிலோமீட்டருக்கு மேல் கட்டங்கட்டமாக ஓடும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கடுமை உங்களுக்கு எளிதில் விளங்கும்.

இத்தாலியரான ஜினோ பார்த்தலி அதனை 1938-இலும் 1948-இலும் வென்றார். இடையில் உலகப்போர். ஜெர்மானியப் படை இத்தாலியைப் பிடித்திருந்த நாட்களில், பயிற்சி செய்பவரைப்போல நெடுந்தூரம் மிதித்தார். சைக்கிள் குழாய்க்குள் யூதர்களைத் தப்புவிக்கும் போலி அடையாளச் சான்றுகள் இருந்தன. பிடிபட்டிருந்தால் உயிர் தப்பியிருக்காது. வெற்றிகளை உலகமே கொண்டாடியது; இதைக் குறித்தோ அவர் பெரும்பாலும் வாய்திறக்கவில்லை. 2000-இல் மரித்தார். யாத் வஷேம் நினைவகம் அவரைக் கனப்படுத்தியது 2013-இல்.

தர்மத்தை அந்தரங்கத்தில் செய்யும்படி ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்தார். நம் ஆலயத்து மின்விசிறிகளிலோ, ‘உபயம்’ என்று பெயர் எழுதப்படாதவை எத்தனை? பெயர் வாசித்தால்தான் காணிக்கை கூடும் என்பார் சிலர், அது பொய்யுமல்ல. ஆயினும், வருகிற அறுப்பின் பண்டிகையில் பெயர்ப்பட்டியலை வாசிக்காமல் விட விரும்புகிறேன். ஞாயிறு ஆராதனைக்குப்பின் உங்கள் மனதைச் சொல்லுங்கள்.