தாளில் படியும் நிறம்

இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தின் பூங்காக்களில் நடப்போர், புதர்ச்செடிகளின் அடியில் பரப்பிய மரச்சீவல்களின்மீது செங்கல் நிறக் காளான்கள் கூட்டமாக எழுந்து நிற்பதைக் காண்பர். களை முளையாதிருக்கவும் மண்ணின் ஈரம் காயாதிருக்கவும் பரப்பப்படுபவை அச்சீவல்கள். முழு மரத்தை உண்டு தீர்க்கப் பூஞ்சைக்குப் பல்லாண்டு வேண்டும். சீவலாக்கிய மரமோ எப்பக்கமும் இலை போட்ட பந்தி. முன்பு அந்நாட்டில் அரிதாயிருந்த இக்காளான், சீவல் பரப்பும் வழக்கம் பெருகியபின் பரவலாகக் காணப்படுகிறது. ‘ரெட்லெட் ரவுண்ட்ஹெட்’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். ஈயச்செந்தூர நிறம் கொண்ட உருண்டைத் தலை எனப் பொருள்படும். அறிவியலார் லெராட்டியோமைசஸ் செரஸ் என்பர்.

பெயர் நிறத்தைச் சொல்கிறது. ஆயின் நிறத்தை நம்பலாகாது. மழையில் நனைந்த தொப்பி அடர்சிவப்பாகும். காய்ந்தால் வெளுத்துப் பழுப்பேறும். அந்நிலையில் கலெரினா மார்ஜினேட்டா என்னும் பழுப்புக் காளானோடு அதனைப் பழகாத கண் குழப்பிக்கொள்ளும். கலெரினாவும் மரத்தை உண்டு வாழ்வது, சீவலிலும் முளைப்பது. அதிலுள்ள அமாடாக்சின் கல்லீரலைச் சிதைக்கும். உண்டவருக்கு 6 மணி நேரத்திற்கும் மேலாகப் பெரும்பாலும் ஒரு துன்பமும் தோன்றாது. பின்னர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, சிலநேரம் தணிந்ததுபோல் இருக்கும். கல்லீரல் பழுதாவது அந்த அமைதியான வேளையில்தான். சமைத்தாலும் அந்நஞ்சு அழியாது. வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, புழு அரித்தது நல்லது என்னும் பழங்கூற்றுகள் இரண்டும் பொய்யே.

எனவே அறிந்தோர் காளானைத் தண்டின் அடியோடு எடுப்பர். (இடையில் ஒடிப்பவர் பாதி அடையாளத்தை மண்ணிலேயே விட்டுவிடுகிறார்.) இளந்தொப்பியின் விளிம்பில் ஒட்டிய வெண்துணுக்குகள், வெண்தண்டின் கீழ்ப்பகுதியில் ஏறிய செம்மஞ்சள் கறை, வெளிர்சாம்பலில் தொடங்கி ஊதா கலந்த பழுப்பாக முதிரும் செவுள்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வர். பின்பு தொப்பியை மட்டும் அறுத்து, செவுள்கள் கீழ்நோக்கியிருக்க வெள்ளைத் தாளில் வைத்து, கண்ணாடிக் குவளையால் மூடுவர். இரவு முழுதும் ஸ்போர்கள் உதிரும். காலையில் தொப்பியை எடுத்தால், செவுள்களின் கோடுகள் வரைந்து வைத்ததுபோல் தாளில் இருக்கும். செந்தூரக் காளானுக்கு அது கரும் ஊதாப்பழுப்பு. கலெரினாவுக்கு இரும்புத் துருவின் நிறம்.

இரண்டும் ஒரே சீவற்பரப்பில் அருகருகே முளைக்கக்கூடும். ஆதலின் ஒரு காளானின் தடம் பக்கத்துக் காளானுக்குச் சான்றாகாது. ஊதாத் தடம் கிடைத்துவிட்டதென்று அறிந்தோர் அடுப்பை மூட்டுவதும் இல்லை. செந்தூரக் காளானும் உணவுக்கு உரியதன்று. தாளில் நாளையும் இடத்தையும் எழுதி, உறையிலிட்டு வைப்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வர்.