கட்டி முடித்த பின்னும் முடியாத கப்பல்

பிரான்சின் மேற்குக் கரைக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டுமாயின், ஷாரந்த் நதியோரம் அமைந்த ரோஷ்போர் நகரைக் காணத் தவறாதீர்கள். கடலிலிருந்து உள்வாங்கி, நதியின் வளைவில் அமைந்த இவ்வூரைத்தான் பதினான்காம் லூயி மன்னன் தன் கடற்படைத் தளமாக்கினான். 1666இல் கட்டத் தொடங்கிய அரச கயிற்றாலை இன்றும் அங்கே நிற்கிறது. அதன் நீளம் 374 மீட்டர்! கப்பற் கயிற்றை நேராக நீட்டிவைத்தே முறுக்க வேண்டியிருந்ததால் இத்துணை நீளம்.

அவ்வூரின் பழைய உலர்துறைகளுள் ஒன்றில், 1997 ஜூலை 4 அன்று, 'எர்மியோன்' என்னும் போர்க்கப்பலுக்கு மீண்டும் ஏரா வைக்கப்பட்டது. மூலக் கப்பல் 1779இல் இதே ஊரில் உருவானது. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிரெஞ்சு உதவி வருகிறது என்னும் செய்தியோடு சென்ற லஃபாயெத்தை, 1780இல் 38 நாட்களில் பாஸ்டனில் சேர்த்த பெருமை அதற்குண்டு. 1793இல் அது பாறையில் மோதி மூழ்கிற்று.

மூழ்கிய கப்பலுக்கு அளவுகள் எங்கே கிடைத்தன என்று கேட்பீர்கள். பகைவரிடம் கிடைத்தன! அதன் உடன்பிறப்பான 'கான்கார்ட்' கப்பலை 1783இல் கைப்பற்றிய ஆங்கிலேயர், அதை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்து வைத்திருந்தனர். அவ்வரைபடங்களே வழிகாட்டின.

ஏறத்தாழ 2,000 ஓக் மரங்கள் தேவைப்பட்டன. வளைந்த விலாச் சட்டங்களுக்கு, வளைந்தே வளர்ந்த மரங்களைக் காட்டில் தேடினர். தச்சர் செதுக்கினர், கொல்லர் இரும்படித்தனர், பலகை இடுக்குகளில் நாரைத் திணித்துக் கீல் பூசிக் கலப்பற்று வேலை செய்தனர். அன்று அரச ஆணையால் நூற்றுக்கணக்கானோர் கூடி ஓராண்டுக்குள் முடித்த பணிக்கு, இப்போது 17 ஆண்டுகள் பிடித்தன. காண வந்தோர் செலுத்திய நுழைவுக் கட்டணம் செலவில் பெரும்பகுதியைத் தாங்கியது.

2014இல் கடல் கண்ட அக்கப்பல், 2015இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் யார்க்டவுனை அடைந்தது. எல்லாம் நிறைவேறிற்று என்றே பலரும் எண்ணினர். ஆனால் 2021இல் பராமரிப்புக்காகப் பயோன் அருகே கரையேற்றியபோது, மரத்தைத் தின்னும் பூஞ்சை அடிப்பகுதியில் பரவியிருந்தமை தெரியவந்தது. உளுத்த பலகைகளைக் கழற்றிப் புதியன பொருத்த மீண்டும் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதாயிற்று.

மன்னர் காலத்திலும் மரக்கலத்தின் இயல்பு இதுவே. ஈரம் புகும், மரம் உளுக்கும், பலகை மாற்றும் கைகள் துறைமுகத்தில் எப்போதும் இருந்தாக வேண்டும். அக்கைகளைப் பழக்கியதே இப்பணியின் தலையாய பயன் எனலாம். அந்நகருக்குச் சென்றால், கப்பல் பிறந்த அக்கல் துறையின் விளிம்பில் சற்று நில்லுங்கள். ஒன்றைக் கட்டுவதற்குக் கூடும் கூட்டம், அதைக் காப்பதற்கும் கூடுமா என்று உங்கள் உள்ளம் கேட்கும். அக்கேள்வி கப்பலுக்கு மட்டுமா உரியது?