கவுண்டர் அக்காவும் நீல ஒளிக் கண்ணாடியும்

 

அர்ச்சனை கவுண்டர்ல அக்காவைக் காணோமேன்னு நிறைய பேர் கேட்டீங்க. அவங்க சம்மதத்தோடதான் இதை எழுதறோம். "என் பேரைப் போடாதீங்க, மத்ததெல்லாம் எழுதுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

தைப்பூசத்துக்கு முன்னால உபயப் பட்டியல், பால்குடப் பதிவு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தற வேலை. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்தோம். எல்லாருக்கும் கண் எரிச்சல். திரையில இருந்து வர்ற நீல ஒளிதான் காரணம், அதைத் தடுக்கிற கண்ணாடி இருக்குன்னு போன்ல விளம்பரம் பார்த்து எட்டு பேர் சேர்ந்து வாங்கினோம். ஒண்ணு 59 வெள்ளி. அக்கா வேணாம்னுதான் சொன்னாங்க. நாங்கதான் வற்புறுத்தினோம்.

போட்டதும் நல்லா இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. காசு கொடுத்து வாங்கினதாச்சே, நல்லா இல்லேன்னு யார் சொல்லுவாங்க?

சித்திரை மாசம் அக்கா ரோகிணியை ரேவதின்னு அடிச்சிட்டாங்க. ஒரு பக்தர் சத்தம் போட்டார். அப்புறம் ஒரு நாள் மீதிப் பணத்துல பத்து வெள்ளிக்குப் பதிலா ஐம்பதை எடுத்துக் கொடுத்துட்டாங்க. (திருப்பிக் கொண்டு வந்து கொடுத்த அந்தப் பையன் நல்லா இருக்கணும்.) "கண்ணு கொஞ்சம் மங்கல், கண்ணாடி போட்டிருக்கேன்ல, சரியாயிடும்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாங்களும் தலையாட்டினோம்.

ஆவணியில, கண்ணுக்குள்ள கறுப்பு நூல் மாதிரி மிதக்குதுன்னு சொன்னதும்தான் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். கண்ணோட பின்பக்கத்தைப் படம் எடுத்தாங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாங்க. அக்காவுக்குப் பன்னிரண்டு வருஷமா இனிப்பு நீர். விழித்திரை ரத்தக் குழாய்கள் கெட்டு, உள்ளே ரத்தம் கசிஞ்சிருக்கு. லேசர் போட்டாச்சு. இருக்கிற பார்வையைக் காப்பாத்தத்தான் லேசர், போனது பெரும்பாலும் திரும்பாதுன்னு டாக்டர் சொன்னார். "வலியே இல்லையே தம்பி, எப்படித் தெரியும்?"னு அக்கா எங்களைக் கேட்டாங்க. எங்களால பதில் சொல்ல முடியல.

கண்ணாடி அவங்க கண்ணைக் கெடுக்கல. அதை நம்பி எட்டு மாசம் ஓட்டினதுதான் கெடுத்துச்சு.

நாங்க பேக்டரியில சூப்பர்வைசர் வேலை பார்க்கறவங்க. வெல்டிங் ஒளி கண்ணைக் கெடுக்கும், அதுக்கு முகமூடி இல்லாம ஆளை உள்ளே விடமாட்டோம். கம்ப்யூட்டரும் அதே மாதிரின்னு நினைச்சுட்டோம். அது வேற, இது வேற. திரையில வர்ற நீல ஒளி, வெளியில வெயில்ல வர்றதைவிட ரொம்பக் குறைச்சல். 2023-ல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துட்டு, இந்தக் கண்ணாடி கண் சோர்வைக் குறைக்கிறதா தெரியலேன்னு சொல்லியிருக்கு. திரையைப் பார்க்கிறப்போ நாம கண் சிமிட்டறது குறைஞ்சு போகுது, கண் காய்ஞ்சுடுது. எங்க ஆபீஸ்ல மேசை விசிறி வேற நேரா மூஞ்சிக்கே அடிச்சுக்கிட்டு இருந்துச்சு! விசிறியைத் திருப்பி வெச்சோம், எழுத்தைப் பெரிசாக்கினோம், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து கொடிமரத்தைப் பார்த்துட்டு வர்றோம். எரிச்சல் பாதியா குறைஞ்சிருக்கு. செலவு ஒரு காசு இல்ல.

தேவார வகுப்புப் பிள்ளைங்களுக்கும் அந்தக் கண்ணாடி வாங்கலாம்னு ஒரு யோசனை இருந்துச்சு. அதை விட்டாச்சு.

2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருத்தருக்கு இனிப்பு நீர். அன்னதானப் பந்தியில உட்கார்றப்போ எண்ணிப் பாருங்க.

இனிப்பு நீர் இருந்து, இந்த வருஷம் கண் படம் எடுக்காதவங்க வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம் கவுண்டர்ல பேர் கொடுங்க. கிளினிக்ல தேதி எடுத்துத் தர்றோம். கூட்டிட்டுப் போக ஆள் இல்லாதவங்களுக்கு ஆலய வேன் இருக்கு. ஐசியும் கிளினிக் புத்தகமும் மறக்காம எடுத்துட்டு வாங்க. கண்ணுல மருந்து விடுவாங்க, சில மணி நேரம் மங்கலா இருக்கும். அதனால தயவுசெஞ்சு யாரும் மோட்டார் ஓட்டிக்கிட்டு வராதீங்க.