நெகட்டிவ்வுக்குள் எவ்வளவு இருக்கிறது?

பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்வது பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் முதலில் கேட்பது ஓர் எண்ணைத்தான். அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்? 1200 போதுமா, 2400 வேண்டுமா, 4800 வைத்தால் முகம் இன்னும் தெளியுமா? கேள்வியில் பிழை இல்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு என்பது என் எண்ணம். இந்த நெகட்டிவ்வுக்குள் எவ்வளவு இருக்கிறது? அதை யார், எவ்வளவு தொலைவில் நின்று பார்க்கப் போகிறார்கள்?

எங்கள் ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், சமவெளி நடுவே திடீரென எழுந்து நிற்கும் பாறைக்குன்று. உச்சியில் முக்தியாசலேசுவரர் கோயில். குன்றின் மேலேயே, சீதை குகை என்று ஊரார் வழங்கும் பாறை மறைவில், கல்லைக் கல்லால் குத்தியும் கீறியும் செய்த மிகப் பழைய உருவங்கள் இருக்கின்றன. கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். என் ஆயா பிறந்த ஊர் அந்த உப்பளங்களை ஒட்டியது. திருமணமாகிப் பெருமுக்கலுக்கு வந்த பிறகும் கோடைதோறும் உப்பு வாரப் போய்வந்தவர்.

1974 கோடையில் சித்தப்பா ஒரு அக்ஃபா கிளிக் 3 கேமராவை யாரிடமோ இரவல் வாங்கி ஒரு சுருள் படம் எடுத்தார். கறுப்பு வெள்ளை, ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரங்கள். ஐந்தில் குன்றும் குகையும். ஏழில் உப்பளம். அவற்றுள் ஒன்றில் மட்டும், தலையில் முக்காட்டுத் துணியோடு, குவித்த உப்பின் பக்கத்தில் ஆயா நிற்கிறார். அவருடைய படம் வேறொன்று எங்கள் குடும்பத்தில் எவரிடமும் இல்லை. அன்றைக்குப் போட்ட சிறிய பிரிண்ட் எப்போதோ தொலைந்துபோயிற்று. சித்தப்பாவின் தகரப்பெட்டியில் நெகட்டிவ் மட்டும் எஞ்சியது.

அதுவும் நீண்ட நாள் இராது என்பதை எடுத்த உடனே மூக்கு சொல்லிவிட்டது. லேசான காடி வாடை. அசிட்டேட் தளம் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளிப்படும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். தளம் சுருங்கும், நெளியும். இதற்கு மருந்து கிடையாது, குளிர்ச்சியிலும் உலர்விலும் வைத்துத் தாமதப்படுத்தலாம், அவ்வளவே. போதாக்குறைக்குக் கடலோரத்துக் காற்று. ஈரப்பதம் நூற்றுக்கு அறுபதைத் தாண்டி நீடித்தால் படலத்தின் ஜெலட்டினைப் பூஞ்சை தின்னும். இரண்டு சதுரங்களின் ஓரத்தில் அது சிலந்திவலை போலப் பரவியிருந்தது. ஆக, எதைச் செய்தாலும் இப்போதே, நன்றாகச் செய்துவிட வேண்டும்.

அக்கா தொலைபேசியில் சொன்னது ஒரே ஒரு வேண்டுகோள். "ஆயா மூஞ்சி தெரியணும்டா. எவ்ளோ பெருசா முடியுமோ அவ்ளோ பெருசா போட்டுக் குடு." ஸ்டூடியோ இளைஞரோ, "4800லயே வச்சிடலாம் சார், கூட இருந்தா நல்லதுதானே" என்றார்.

கூட இருந்தால் நல்லதுதானா? கணக்கு எளிது. கையில் பிடித்துப் பார்க்கும் பிரிண்டில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் நல்ல கண்ணுக்கும் புள்ளி தனியாகத் தெரியாது. சதுர நெகட்டிவ்வின் உண்மையான பக்கம் 56 மில்லிமீட்டர், அதாவது 2.2 அங்குலம். பன்னிரண்டு அங்குலச் சதுரமாக அச்சிடப் பக்கத்துக்கு 3600 புள்ளிகள் வேண்டும். 3600ஐ 2.2ஆல் வகுத்தால் 1640க்குச் சற்றுக் குறைவாக வரும். எனவே 2400 வைத்தாலே மிச்சம் இருக்கிறது. 35 மில்லிமீட்டர் பிலிம் என்றால் கதை வேறு. 24க்கு 36 மில்லிமீட்டர்தான் அதன் சட்டம். அதே 2400இல் ஏறக்குறைய எட்டுக்குப் பதினோரு அங்குலத்தோடு எல்லை முடிந்துவிடும். அதைவிடப் பெரிதாக வேண்டுவோர் 4000 புள்ளி தரும் தனி பிலிம் ஸ்கேனரைத் தேடத்தான் வேண்டும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிவிடவும் கூடாது. தட்டையான மேசை ஸ்கேனர்கள் 4800, 6400 என்று அறிவிக்கும். அது உணரி எத்தனை இடத்தில் அளவெடுக்கிறது என்பதன் எண்ணிக்கை. உள்ளே இருக்கும் வில்லை எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறது என்பது வேறு சங்கதி. கோட்டுச் சோதனைத் தகடுகளை வைத்து அளந்தால், வீட்டு உபயோகத்துக்கு வரும் நல்ல மேசை ஸ்கேனர்கள்கூட அறிவித்த எண்ணின் பாதியை எட்டுவது அரிது. ஸ்கேனருக்கும் முன்னால் கேமராவின் வில்லை இருக்கிறது. கிளிக் 3 போன்ற எளிய பெட்டிக் கேமரா பிலிமில் எழுதாத ஒன்றை எந்த ஸ்கேனரும் வாசிக்க முடியாது.

ஆயாவின் முகம் நெகட்டிவ்வில் மூன்று மில்லிமீட்டர். ஓர் உளுந்தின் அளவு. அதை 1200, 2400, 4800 என மூன்று முறை ஸ்கேன் செய்து, ஒரே அளவில் அச்சிட்டு, அருகருகே வைத்துப் பார்த்தேன். முகத்தின் குறுக்கே கிடைத்த புள்ளிகள் முறையே 142, 283, 567. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு வந்தபோது மூக்குத்தி தனித்துத் தெரிந்தது. முக்காட்டின் மடிப்பு மடிப்பாயிற்று. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் போனபோது எதுவும் வரவில்லை. வெள்ளித் துகள்கள்தாம் பெருத்தன. உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதன்று. கடல்நீர் சுண்டி ஏறத்தாழ 25 பாகை போமே அளவை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 29, 30ஐத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பாகிவிடும். அந்த நீரை வெளியேற்றிவிடுவார்கள்.

அப்படியானால் ஸ்கேனரிடம் கேட்க வேறு எதுவும் இல்லையா? இருந்தது. அது எண்ணைப் பற்றியதன்று, ஆழத்தைப் பற்றியது. நெகட்டிவ்வில் வெண்மை கருமையாகும். ஏப்ரல் வெயிலில் மின்னும் உப்புக் குவியல் அங்கே கெட்டியான கரும்பரப்பாக இருக்கிறது. ஸ்கேனரின் ஒளி அதை ஊடுருவத் திணறும். முக்காட்டின் நிழலில் இருக்கும் ஆயாவின் கரிய முகமோ நெகட்டிவ்வில் மெல்லிய, ஏறக்குறையத் தெளிந்த இடம். ஒரே சதுரத்தில் இரண்டு முனைகளும். தானியங்கி முறையில் விட்டால் மென்பொருள் ஒன்றைக் காப்பாற்ற மற்றதைப் பலியிடும். எனவே இரு முனைகளும் வெட்டுப்படாதபடி எல்லைகளைக் கையால் வைத்து, பல முறை ஓட்டிச் சராசரி எடுத்து, 16 பிட்டில் சேமித்தேன். எட்டு பிட்டில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 256 படிகள், பதினாறில் 65,536. ஒரு சதுரத்துக்கு 56 மெகாபைட் ஆகிறது. 4800இல் எடுத்தால் 224. குகைச் சதுரங்களுக்கும் இந்தப் படிகள்தாம் உதவின. பாறையில் ஆழமில்லாமல் குத்திய குழிகள் சாய்ந்த ஒளியின் மெல்லிய நிழலால் மட்டுமே தெரிபவை. அந்த நிழல் தட்டையாகிவிட்டால் வெறும் பாறைதான் மிஞ்சும்.

தூசியையும் பூஞ்சைக் கறையையும் அகச்சிவப்புக் கதிரால் தானே நீக்கும் வசதி சில ஸ்கேனர்களில் உண்டு. அது வண்ணப் பிலிமுக்கானது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளியே அகச்சிவப்பை மறைத்துவிடுவதால் படத்தையே தூசி என்று எண்ணிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளியாகத் திரையில் கையால் துடைப்பதைத் தவிர வழியில்லை. ஆயாவின் கன்னத்தில் இருந்த ஒரு புள்ளியை மட்டும் நான் தொடவில்லை. அது மச்சம் என்று அக்கா சொன்னாள்.

மரக்காணத்திலிருந்து தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களின் படங்களை ஒரு லட்சத்துக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களையும் எண்ணியல் வடிவுக்கு மாற்றியிருக்கிறது. நிறுவனங்களின் நிலை வேறு. நாளை யார் எதைத் தேடி வருவார் என்பது அவற்றுக்குத் தெரியாது. எல்லோருக்காகவும் எடுத்துவைக்க வேண்டும். குடும்பத்துக்கு அந்தத் திண்டாட்டம் இல்லை. எந்த முகம், எந்தச் சுவர், யாருடைய கண் என்பது தெரியும். அந்தத் தெளிவைக் கொண்டு எண்ணைத் தேர்ந்துகொள்ளலாம். நெகட்டிவ்வை மட்டும் ஸ்கேன் ஆகிவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். உலர்ந்த இடத்தில், மற்ற பிலிம்களிலிருந்து தள்ளி, அமிலமில்லாத காகித உறையில் வையுங்கள்.

முடிவில் பன்னிரண்டு அங்குலச் சதுரமாக அச்சிட்டேன். முகம் அதில் 16 மில்லிமீட்டர் வந்தது. இன்னும் பெரிதாக்கியிருக்கலாம், பெரிதாக்கினால் முகம் விலகித் துகள்கள் முன்னால் வந்துவிடும். அக்கா படத்தை வாங்கி நெடுநேரம் முகத்தைப் பார்த்தாள். பிறகு விரல் வலப்பக்கம் உப்பின் மேல் நகர்ந்தது.

"இதோ பாருடா, உப்பு மேல ஒரு நெழலு வுழுந்திருக்கு. கையில எதையோ தூக்கிப் புடிச்சிருக்கு. யாரு?"

படம் எடுத்த சித்தப்பாவின் நிழல் அது.