கையொப்பம் ஓர் அமானிதம்

அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில் வாழ்ந்த காவலர்களும் கொள்ளையர்களும் கையொப்பமிட்ட காகிதங்களைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கிச் சேர்ப்போர் அங்கே பலர் உண்டு. பில்லி தி கிட் என்னும் இளைஞன் 1879-இல் நியூ மெக்சிகோ ஆளுநர் லூ வாலஸுக்கு எழுதிய கடிதங்களை இன்றும் போற்றிக் காக்கின்றனர்.

நம் தாமிரபரணிக் கரையும் ஒரு காலத்தில் அத்தகைய எல்லைப்புறமே. பாளையக்காரர்களும் நவாபும் கும்பெனியாரும் வரிக்காக மோதிய அந்நாளில், 1756-இல் நெல்லைச் சீமைக்கு அனுப்பப்பட்ட கான்சாகிபு யூசுப்கான், 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். கும்பெனியின் ஆவணங்களைத் துருவி எஸ்.சி. ஹில் 1914-இல் அவர் வரலாற்றை நூலாக்கினார். காகிதம் பிழைத்ததால் வரலாறும் பிழைத்தது.

அத்தகையோரின் கையொப்பம் எதுவும் என்னிடம் இல்லை. மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் பழைய காகிதக் கடைகளில் எடைக்கு வாங்கிய முத்திரைத்தாள்களும் புரோநோட்டுகளுமே என் தகரப்பெட்டியில் உள்ளன. ஆயினும் அவற்றுள் ஒரு தாள் எனக்குப் பெரும் பாடம் புகட்டியது.

அது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த 1934-ஆம் ஆண்டுக் கடன் பத்திரம். எழுபத்தைந்து ரூபாய் பெற்ற தறிக்காரர் ஒருவர் கைநாட்டு வைத்திருந்தார். பின்புறத்தில் அரபுத் தமிழில் நான்கு வரிகள். 'ட', 'ழ' போன்ற தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் குறிகள் கூட்டி நம் முன்னோர் எழுதிய அந்த எழுத்தை என் உம்மா எனக்குக் கற்பித்திருந்தார். கொழும்பிலிருந்து மணியார்டரில் தொகை முழுவதும் வந்து சேர்ந்தது என்று 1938-இல் கடன் கொடுத்தவர் எழிதிக் கையொப்பமிட்டிருந்தார்!

ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் கொண்டு விசாரித்தேன். தறிக்காரர் கொழும்பிலேயே மவுத்தாகிவிட்டார். பத்திரமோ கடன் கொடுத்தவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. பின்வந்தோருக்கு அரபுத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை. 'கடன்காரன் குடும்பம்' என்ற சொல் மட்டும் எண்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

அரிய எழுத்து என்பதால் அத்தாளுக்கு ஐயாயிரம் ரூபாய் தருவதாகச் சேகரிப்பாளர் ஒருவர் கூறியிருந்தார். ஆசை எழவில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு இரவுகள் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஜனாஸா தொழுகைக்கு முன், மையித்தின் கடன் குறித்து அறிவிக்கும் நம் வழக்கம் நினைவுக்கு வந்தது. அந்த மனிதருக்காக அவ்வாறு அறிவிக்கவும் பொறுப்பேற்கவும் ஊரில் யார் இருந்தார்கள்?

2018-இல் ஒரு வெள்ளிக்கிழமை, கடன் கொடுத்தவரின் பேரனையும் அழைத்துக்கொண்டு தறிக்காரரின் மகளைத் தேடிச் சென்றேன். வாப்பா கப்பலேறியபோது அவர் பால்குடிக் குழந்தை. இப்போது எண்பத்து மூன்று வயது. அவ்வரிகளை வாசித்தேன். மும்முறை வாசிக்கச் சொன்னார்.

“எங்க வாப்பா கடனோட மவுத்தாகலையே, தம்பி?”

“இல்லை மாமி. ஒரு பைசா பாக்கியில்லை.”

பேரன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். அம்மூதாட்டி பதில் கூறவில்லை. முகம் அறியாத தந்தையின் பெருவிரல் ரேகைமீது தம் பெருவிரலை வைத்து நெடுநேரம் அமர்ந்திருந்தார். தாளை அவரிடமே விட்டுவந்தேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய காகிதங்களை எடைக்குப் போடுமுன் வாசிக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள். எவருடைய மானமோ அதில் அமானிதமாகக் காத்திருக்கக்கூடும்.