கிடுகுக் கூரையும் கடற்காற்றும்



பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால், “இம்முறை பிள்ளைகளை எங்கே கூட்டிச் செல்வது?” என்ற பேச்சு நம் வீடுகளில் எழுவது வழமை. குளிரைத் தேடி நுவரெலியாவுக்குச் செல்வோரே அதிகம். நான் சொல்லப்போவதோ வெயில் கொளுத்தும் கிழக்குக் கரையில், வளிச்சீராக்கி இல்லாத ஓலைக் குடில்களில் தங்குவதைப் பற்றி. “இந்தப் புழுக்கத்தில் அது எப்படி?” என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகச் சுமார் 320 கிலோமீற்றர் பயணித்தால் பொத்துவில் வரும். வழியில் லாகுகல வனப்பகுதியில் யானைகள் பாதையைக் கடக்கும். ஆகவே பகல் வெளிச்சத்திலேயே அவ்விடத்தைக் கடந்துவிடுங்கள். பொத்துவிலுக்குத் தெற்கே, களப்பின் மேலுள்ள பாலத்தைத் தாண்டினால் அறுகம்பை. நம்மவர் உல்லை என்று அழைக்கும் கிராமம் அதுதான். 2004 டிசம்பர் 26இல் சுனாமி இவ்வூரைத் துடைத்தெறிந்தது. புதிய பாலம் 2008இல் திறக்கப்பட்டது. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு விளையாட்டுக்காக உலகின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர்கள் இங்கே வருகிறார்கள்.

அவர்கள் தங்கும் குடில்களைக் ‘கபானா’ என்கிறார்கள். பெயர்தான் புதிது. மீனவர்கள் பருவகாலத்தில் கரையில் அமைக்கும் வாடியைப் பார்த்தவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றாது. மரக்கால்கள், கிடுகு அல்லது இலுக்குப் புல் வேய்ந்த சரிந்த கூரை, தாழ்ந்த இறவாணம், இரண்டு பக்கமும் திறப்பு, ஒரு நுளம்பு வலை. அவ்வளவுதான்.

குடும்ப சகிதம் அத்தகைய குடிலொன்றில் மூன்று நாட்கள் தங்கினோம். அது கச்சான் வீசும் காலம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி இப்பக்கம் இறங்குவதே கச்சான். வெளியே மணலில் கால் வைக்க முடியவில்லை. உள்ளேயோ பிள்ளைகள் பாயில் படுத்துக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பகலில் சூடு இருந்தது, புழுக்கம் இருக்கவில்லை. இரவு நடுச்சாமத்தில் போர்வை தேடவேண்டியிருந்தது.

இதில் மந்திரம் எதுவுமில்லை. கிடுகின் மடிப்புகளுக்குள் காற்று சிறைப்பட்டிருப்பதால் வெயிலின் சூடு எளிதில் உள்ளே இறங்காது. சூடேறிய காற்று மேலெழுந்து ஓலை இடுக்குகளால் வெளியேறிவிடும். பகலில் தரை கடலைவிட விரைவாகச் சூடேற, கடற்பக்கமிருந்து காற்று வரும். இரவில் தரை விரைவாகக் குளிர, காற்றுத் திசை மாறும். இரு பக்கமும் திறப்புள்ள குடிலுக்கு இரண்டு காற்றும் சொந்தம். நம் கொங்கிறீட் தட்டோ பகல் முழுதும் வெயிலைக் குடித்து வைத்திருந்து, நாம் படுக்கைக்குப் போகும் நேரத்தில் அதைத் தலைமேல் கக்குகிறது. ஓலைக்கு அவ்வாறு சேமிக்கும் கனம் கிடையாது. பொழுது சாய்ந்ததும் அதுவும் ஆறிவிடும்.

“காற்றுக்காக எல்லாம் திறந்து கிடந்தால் பெண்கள் எப்படி இருப்பது?” இதுவே உங்கள் அடுத்த கேள்வி என்பதை அறிவேன். நியாயமான கேள்வி. கடலைப் பார்த்தபடி திறந்து கிடக்கும் குடில் நமக்குச் சரிவராது. கதவைச் சாத்திக்கொண்டால் குடிலின் பயனே இல்லை. நாங்கள் தங்கியதோ கிராமத்துக் குடும்பமொன்று நடத்தும் இடம். குடிலைச் சுற்றி ஆளுயரக் கிடுகு வேலி அடைத்திருந்தார்கள். பின்னல் இடுக்குகளால் காற்று வருகிறது, பார்வை வருவதில்லை. வீட்டுப் பெண்கள் அந்தச் சிறு வளவுக்குள் அச்சமின்றி உலாவினார்கள்.

நீங்கள் செல்வதாயின் இவற்றை முன்கூட்டியே விசாரியுங்கள். வேலியடைத்த வளவு உண்டா? மலசலகூடமும் குளியலிடமும் குடிலோடு சேர்ந்தவையா? உள்ளே தாழ்ப்பாள் உண்டா? நுளம்பு வலை கிழியாமல் இருக்கிறதா? கடலோரக் கிணறுகளில் நீர் உவர்ப்பாக இருக்கலாம். குடிநீருக்கு என்ன ஏற்பாடு? இன்னொன்றையும் மறவாதீர்கள். கிடுகு எளிதில் தீப்பற்றும். நுளம்புச் சுருளையும் மெழுகுவர்த்தியையும் உள்ளே கொளுத்தாதீர்கள். பிளாஸ்டிக் போத்தல்களைக் கரையில் போட்டுவிட்டு வருவதும் முறையல்ல. ஓலைக் குடிலில் தங்கியவர் கடலுக்குக் குப்பையைப் பரிசளிக்கக் கூடாது.

சகோதரிகளே! நான் இதை எழுதுவது உல்லாசப் பயணத்துக்காக மட்டுமல்ல. நம் உம்மாமார் வாழ்ந்த வீடுகளில் இந்தக் கிடுகு வேலி இருந்தது. தென்னோலையைக் கிழித்து, நீரில் ஊறவிட்டு, அதைப் பின்னியவர்களும் பெண்களே. பிறகு மதில் வந்தது, தட்டு வந்தது. அயலவர் பார்வைக்கு அஞ்சி ஜன்னல்களைச் சாத்தினோம். இன்று வசதியுள்ள வீட்டில் படுக்கையறைக்கு வளிச்சீராக்கி வாங்குகிறார்கள். நாளில் பாதியைப் பெண் கழிக்கும் குசினிக்கோ ஒரு துவாரம்கூட இல்லை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, அந்த வீடுகளுக்குள் கைக்குழந்தையோடு தவித்த தாய்மாரை நாம் மறக்கவில்லை.

எல்லோரும் ஓலை வீட்டுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. கிடுகை ஓரிரு வருடங்களில் மாற்றவேண்டும், அதற்குச் செலவும் உண்டு. ஆனால் வீடு கட்டும்போதும் திருத்தும்போதும் குசினிக்கு எதிரெதிரே இரண்டு திறப்புகள் வேண்டுமென்று கேளுங்கள். கூரைக்குக் கீழே சூடு வெளியேற வழி வைக்கச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே ஓலைத் தட்டியோ, மூங்கில் தட்டியோ, துளையிட்ட சீமெந்துக் கல்லோ வைத்தால் மறைப்பும் கிடைக்கும், காற்றும் கிடைக்கும். மேற்கு வெயில் விழும் சுவருக்கு ஒரு மர நிழல் போதும்.

பேணுதலாக வாழும் பெண், அதற்காகப் புழுக்கத்தில் வாடவேண்டியதில்லை. வீட்டுக்குத் திட்டம் வரையும் நாளில் இதைப் பேசவேண்டியவர் நீங்கள். கேட்கவேண்டியவர்கள் நாங்கள்.